செங்கல் சூளையிலிருந்து தோராவைப் படித்தல்

யூதர்களின் தோரா தமிழுக்குப் புதிதல்ல. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், 1719இல் இறப்பதற்குள் பழைய ஏற்பாட்டை ரூத் வரை தமிழாக்கியிருந்தார். தோராவின் ஐந்து நூல்களும் அதில் அடக்கம். தேவாலயத்தின் வழியாக வந்ததால் நமக்கு அது பக்தி நூலாகவே பழகிவிட்டது. யூத மரபோ அதே பக்கங்களைக் கூலி, கடன், விடுமுறை பற்றிய சட்டமாகவும் படிக்கிறது. செங்கல் சூளைகளும் சிப்காட் ஆலைகளும் உள்ள திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்த வாசிப்புதான் நெருக்கமானது.

இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையின் வேரே சூளையில்தான் இருக்கிறது. யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தில் பார்வோன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகிறான்; நாளொன்றுக்கு அறுக்க வேண்டிய செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை. கணக்கு குறைந்தால் அடி விழுவது இஸ்ரவேலரிலிருந்தே நியமிக்கப்பட்ட மேற்பார்வையாளர்களுக்கு. நம் ஊர் மேஸ்திரியின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். ஒவ்வொரு தலைமுறையும் தானே எகிப்திலிருந்து புறப்பட்டதாக எண்ண வேண்டும் என்கிறது யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. திருவள்ளூர் சூளைகளிலிருந்து ஒடிசாத் தொழிலாளர்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனால் தொழிலாளியைக் கடனாளியாக்கிக் கட்டிப்போடும் அட்வான்ஸ் என்ற கயிறு அறுபடவில்லை. உபாகமம் 15ஆம் அதிகாரமோ ஏழாம் ஆண்டில் கடனைத் தள்ளிவிடச் சொல்கிறது.

ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமம் 20, கடவுள் ஏழாம் நாளில் ஓய்ந்ததைக் காரணம் காட்டுகிறது. உபாகமம் 5 காட்டும் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாய் இருந்தவன், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓயட்டும். மாடும் கழுதையும் அந்நியனும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. நம் நாட்டில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது 1890இல், நாராயண் மேகாஜி லோகண்டேயின் போராட்டத்தால். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 52ஆம் பிரிவு வார விடுமுறையை நாடு முழுமைக்கும் உறுதி செய்தது. ஆனால் தினக்கூலியில் இருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஓய்வுநாள் என்பது சம்பளமில்லாத நாள். அவர் ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. பார்ப்பதை விருப்பம் என்று சொல்வது நியாயமல்ல.

கூலி விஷயத்தில் தோரா கறாரானது: ஏழையின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். இரவில் வேலை செய்பவன் என்ன செய்வான்? பகல் வேலைக்காரன் இரவு முழுதும், இரவு வேலைக்காரன் மறுநாள் பகல் முழுதும் கூலியைக் கேட்டு வாங்கலாம் என்று மிஷ்னாவின் பாவா மெட்சியா என்ற பகுதி வகுக்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட நூலில் நைட் ஷிப்டுக்கும் விதி இருக்கிறது.

கூடாரப் பண்டிகையில் வசதியானவரும் ஏழு நாள் தற்காலிகக் குடிலில் தங்க வேண்டும். கூரை, வெட்டியெடுத்த தழையாலோ ஓலையாலோ ஆனதாக இருக்க வேண்டும்; உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும் என்பது விதி. கொச்சி யூதர்கள் தென்னங்கீற்று வேய்ந்தார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் தகரக் கூரையின் கீழ் ஆண்டு முழுதும் தங்கும் பீகார், ஒடிசா இளைஞர்களுக்கு அது பண்டிகை அல்ல, வாழ்க்கை. அதே ஊரின் முகாமில் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகத் 'தற்காலிகமாக' இருக்கின்றன. அந்நியனை ஒடுக்காதே என்ற எச்சரிக்கை தோராவில் 36 இடங்களில் வருவதாக, மிஷ்னாவை விவாதிக்கும் நூலான தல்மூத் கணக்கிடுகிறது. 46 என்போரும் உண்டு.

தோராவைப் புனிதமாக்கிக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. அந்நிய அடிமைகளைப் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொள்ள லேவியராகமம் 25 இடம் தருகிறது. ஏழாம் ஆண்டு நெருங்கியதும் கடன் கொடுக்க ஆளில்லாமல் போனதால், யூத அறிஞர் ஹில்லேல், கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் 'ப்ரோஸ்புல்' என்ற ஏற்பாட்டைச் செய்து அந்தச் சட்டத்தைச் சுற்றிப்போக வழி காண வேண்டியிருந்தது. நல்ல சட்டம் எழுதினால் மட்டும் போதாது என்பதற்கு அந்த மரபே சாட்சி.

முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் உபாகமம் 24ஆம் அதிகாரத்தை மட்டுமாவது படியுங்கள். மொத்தம் 22 வசனங்கள். ஆள் வைத்து வேலை வாங்கும் எவரும் அதில் தன்னைப் பற்றிய ஒரு வரியையாவது காண்பார்.