பிடிப்பவரின் கணக்கு

கபடியில் பாடி வருபவரை மடக்கும் ஆட்டக்காரருக்கு, அதாவது இன்று டிஃபெண்டர் எனப்படும் பிடிப்பவருக்கு, ரயில்வே, காவல்துறை அணிகளின் வேலைக்கு அப்பால் ஒரு தொழில்முறை வாழ்க்கையை 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் அமைத்துக் கொடுத்தது. ஆயினும் அவருடைய ஆட்டத்தை அளக்க அது கைக்கொண்ட முறை, அவருடைய உழைப்பின் பெரும்பகுதியைக் கணக்கில் கொள்வதில்லை.

எழுவர் நிற்கும் களத்தில் இரு ஓரங்களிலும் நிற்பவர் கார்னர், அவருக்கு உள்ளே நின்று துணை செய்பவர் கவர். பாடி வருபவருக்குக் கிடைக்கும் 30 விநாடியில் கார்னர் கணுக்காலைப் பற்றினால், கவர் பாய்ந்து அவரைக் கோட்டுக்குத் திரும்பவிடாமல் தடுக்கிறார். எத்தனை பேர் சேர்ந்து மடக்கினாலும் வழக்கமாகக் கிடைப்பது ஒரே புள்ளி, அதுவும் பெரும்பாலும் பிடியைத் தொடங்கியவர் பெயரிலேயே சேர்கிறது. நல்ல கார்னர் நிற்கும் நிலையைக் கண்டே போனஸ் கோட்டை நெருங்காமல் திரும்பும் பாட்டுக்கோ எவர் பெயரிலும் புள்ளி இல்லை. லீக்கில் பர்தீப் நர்வால் பாடி எடுத்த புள்ளிகள் 1,800ஐத் தாண்ட, பிடித்தலில் முதலிடம் வகித்த ஈரானின் ஃபசல் அத்ராச்சலி அதைவிட வெகு குறைவாகவே எடுத்ததற்கு, ஒரே பாட்டில் பல புள்ளிகள் எடுக்க முடிவதும் ஒரு காரணம். அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசைத் தடுப்பாளர் பந்தெறிபவரை வீழ்த்தும் ‘சாக்’ கூட 1982 முதல்தான் அதிகாரபூர்வமாக எண்ணப்படுகிறது என்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இருப்பினும் பொறுமையும் கணிப்புமே மூலதனமாக உள்ள இந்த வேலை, உடல்வேகம் தளர்ந்த பிறகும் நீடிக்கக்கூடியது. தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் நாற்பதைக் கடந்த வயதில், 2016இல், பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமையேற்று அதை வாகைசூட வைத்ததும், அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இடம்பெற்றதும் பெருமைக்குரிய சான்றுகள். 2018 ஏலத்தில் முதன்முதலில் ஒரு கோடி ரூபாயை எட்டியவர் பிடிப்பவரான அத்ராச்சலியே என்பதால், அணி உரிமையாளர்கள் இத்திறனை முற்றிலும் உணராதவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது: புள்ளியே அடையாளம் என்றான பின், காத்திருக்க வேண்டிய கார்னர் முந்திப் பாய்கிறார், பிடி நழுவினால் தொட்டவர் அனைவரும் வெளியேற, அணியே குலைகிறது. தலைக்கவசமோ தோள்கவசமோ இல்லாத இந்த ஆட்டத்தில் அவசரப் பாய்ச்சலின் விலையை முழங்கால்தான் கொடுக்கிறது. விசைத்தறியும், ஆழ்துளைக் கிணறு தோண்ட வெளிமாநிலம் செல்லும் ரிக் வண்டியும் வாழ்வாதாரமாக உள்ள திருச்செங்கோட்டுப் பகுதியில், இருபது வயது இளைஞர் கபடியா, ரிக் வண்டியா என்று முடிவெடுக்க நேரும்போது இந்தக் கணக்கு வெறும் எண்ணாக நிற்பதில்லை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரருக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருந்தாலும், அதைப் பெறத் தேர்வாளரின் கண்ணில் அவர் முதலில் பட வேண்டும். வெறுங்கையுடன் திரும்பிய ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே எந்தக் கார்னர் நின்றார் என்று ஊர்ப் போட்டியின் புள்ளிக் குறிப்பேட்டிலேயே ஒரு கட்டம் சேர்த்து எழுதிவிடலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.