பர்மிங்காம் பாக்ஸ்லாக்: சில நூறு பவுண்டில் ஒரு பழைய இரட்டைக் குழல்

முதல் உலகப் போருக்கு முன்பும், இரு போர்களுக்கு இடையிலும் பர்மிங்காம் பட்டறைகளில் உருவான 12 போர் (bore) இரட்டைக் குழல் பாக்ஸ்லாக் துப்பாக்கிகள் பிரிட்டிஷ் ஏலங்களில் இன்றும் சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கின்றன. லண்டன் பர்டி நிறுவனத்தின் புதிய துப்பாக்கியோ ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும். விலையில் உள்ள இந்த இடைவெளி தரத்தில் இல்லை.

பாக்ஸ்லாக் பொறியமைப்பை வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி இருவரும் 1875இல் உருவாக்கினர். குழலை மடக்கித் திறக்கும்போதே உள்ளிருக்கும் சுத்தியல்கள் பின்னிழுக்கப்பட்டுத் தயாராகிவிடும். உறுப்புகள் குறைவு, பழுதும் அரிது. வெடித்த தோட்டாவைத் தானே வெளியே வீசும் எஜெக்டர் இல்லாதவை இன்னும் மலிவு. தோட்டாவைக் கையால் உருவ வேண்டும், அவ்வளவுதான். சிற்றூர்க் கடைக்காரர்களின் பெயர் பொறித்த பலவும் பர்மிங்காமில் செய்யப்பட்டவையே. ஆகவே பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பணம் கொடுக்க வேண்டியது குழலுக்கு. குழல்களைக் கழற்றி, அடியிலுள்ள கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல் மெல்லத் தட்ட வேண்டும். மணிபோல் ஒலித்தால், இரு குழல்களையும் இணைக்கும் பட்டையின் பற்று உறுதியாக இருக்கிறது. ஓசை மந்தமாக வந்தால் பற்று விட்டிருக்கலாம். பிறகு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால், ஒழுங்கான நிழல் வளையங்கள் தெரியும். வளையம் நெளிந்த இடத்தில் ஒடுக்கு இருக்கும், கரும்புள்ளிகள் துருக்குழிகள். குழிகளைத் தேய்த்து நீக்கினால் சுவர் மெலியும். சுவர் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்குக்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கீழே போன குழலை வாங்கக் கூடாது. இதை உரிய கருவியால் அளக்காமல் விலை பேசுவது வீண்.

முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய குழலை ஆட்டிப் பார்க்கும்போது அசைவு இருந்தால் கீல் தேய்ந்துள்ளது. அதைச் சரிசெய்யலாம், ஆனால் செலவு துப்பாக்கியின் விலையையே எட்டக்கூடும். வால்நட் கட்டையின் கழுத்தில் விரிசலும், எண்ணெய் ஊறிய மென்மையும் பார்க்கத் தக்கவை.

1813இல் தொடங்கிய பர்மிங்காம் சோதனைக்கூடத்தின் முத்திரைகள் குழலின் அடியில் இருக்கும். கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவை இடுவது உயிருக்கே ஆபத்து. முறுக்கிய இரும்பு, எஃகுப் பட்டைகளால் ஆன டமாஸ்கஸ் குழல்கள் எல்லாமே ஆபத்தானவை என்ற நம்பிக்கை தவறு. புகையற்ற மருந்துக்கான முத்திரையும் போதிய தடிமனும் உள்ளவை இன்றும் பயன்படுகின்றன. முத்திரைக்குப் பிறகு உள்விட்டம் வரம்புக்கு மேல் விரிந்திருந்தால் அந்த முத்திரை செல்லாது. அத்தகைய துப்பாக்கியை விற்பது பிரிட்டனில் குற்றம்.

தோட்டா அறையின் நீளமும் முக்கியம். பழையவை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். அவற்றில் 70 மில்லிமீட்டர் தோட்டாவை இட்டால் அழுத்தம் கூடும். மெல்லிய குழல்களுக்கு எஃகு ரவை ஒத்துவராது. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1999 முதல் இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டிருப்பதால், விலை கூடிய பிஸ்மத் போன்ற ரவையை நாட வேண்டும். இந்தச் செலவும் பழைய துப்பாக்கிகளின் விலை குறைவதற்கு ஒரு காரணம்.

தேய்ந்த குழலை வெட்டிப் புதுக் குழாய் பொருத்திய ‘ஸ்லீவ்’ துப்பாக்கிகளைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். சுடுவதற்கென்று வாங்குபவருக்கு அவை நல்ல பேரம். சித்திர வேலை நிறைந்து குழல் மெலிந்த துப்பாக்கியைவிட, வெறுமையான, தடித்த குழலுள்ள, செல்லுபடியாகும் முத்திரையுடன் கூடிய எஜெக்டர் இல்லாத பாக்ஸ்லாக்கே இந்த விலைக்கு வாங்கத் தகுந்தது.