சிரிப்பும் பொய்ச்சாட்சியும்

பங்குத் திருவிழாக் கலைநிகழ்ச்சியில் பலகுரல் கலைஞர் ஒருவர் அரசியல் தலைவரின் குரலை எடுத்த மாத்திரத்தில் திடல் முழுவதும் அதிர்வதை நாம் கண்டிருக்கிறோம். நாமும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறோம். அதில் குற்றமில்லை. ஆயினும் ஒரு வினா எழுகிறது. இக்கலை வெறும் பொழுதுபோக்குத்தானா? அல்லது ஒரு தலைவரைப் பற்றி மக்கள் வழங்கும் தீர்ப்பையே மாற்ற வல்லதா? விடை காண, இக்கலை பெருவளர்ச்சி கண்ட அமெரிக்க நாட்டைச் சற்று நோக்குவோம்.

அந்நாட்டின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி. அவரது குரலையும் பாஸ்டன் வட்டார உச்சரிப்பையும் அச்சாகப் பிடித்தவர் வான் மீடர் என்ற இளைஞர். கென்னடி குடும்பத்தை நகைச்சுவையாகச் சித்திரித்து 1962 நவம்பரில் அவர் வெளியிட்ட இசைத்தட்டு 70 இலட்சத்துக்கும் மேல் விற்பனையாயிற்று. கிராமி விருதும் பெற்றது. அக்குரல் தம்மைவிடத் தம்பி டெட்டியைத்தான் ஒத்திருக்கிறது என்று கென்னடியே செய்தியாளரிடம் வேடிக்கையாகக் கூறினார். 1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். இசைத்தட்டு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மீடரின் கலைவாழ்வும் அன்றோடு சரிந்தது. இரவல் குரலுக்குச் சொந்த உயிர் இல்லை. எனினும் அந்தச் சிரிப்பில் வன்மம் இருக்கவில்லை, அன்பே மிகுந்திருந்தது.

அடுத்து வந்த சிரிப்பு வேறு வகையானது. 1975 ஜூன் 1 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு போர்டு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் விமானப் படிகளில் இறங்குகையில் தடுக்கி விழுந்தார். அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய 'சாட்டர்டே நைட் லைவ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் செவி சேஸ் என்ற நடிகர் போர்டாகத் தோன்றினார். ஒப்பனை இல்லை, குரல் ஒற்றுமையும் இல்லை. அவர் செய்ததெல்லாம் விழுந்தது ஒன்றே. மேசையில் இடித்து விழுந்தார். நாற்காலியோடு சாய்ந்து விழுந்தார். மக்கள் மனத்தில் போர்டு என்றாலே தடுமாறுபவர் என்ற உருவம் பதிந்துவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1932, 1933 ஆண்டுகளில் அமெரிக்கக் கால்பந்தில் தேசிய வாகை சூடியபோது அந்த அணியில் இருந்த விளையாட்டு வீரர் அவர் என்பது எவர் நினைவிலும் நிற்கவில்லை.

1976 தேர்தலில் போர்டு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு வாக்கு வேறுபாட்டில் ஜிம்மி கார்ட்டரிடம் தோற்றார். தோல்விக்குச் சிரிப்பு மட்டுமே காரணம் என்பது மிகை. விலைவாசி இருந்தது. கிழக்கு ஐரோப்பா சோவியத் ஆதிக்கத்தின்கீழ் இல்லை என்று விவாத மேடையில் அவர் சொன்ன பிழையான சொல்லும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிக்சனுக்கு அவர் 1974 செப்டம்பர் 8-ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, வழங்கிய பொதுமன்னிப்பு இருந்தது. அது இரக்கமா, நீதிக்கு இழைத்த துரோகமா? பாவசங்கீர்த்தனத் தொட்டியை அறிந்த நமக்கு இது கனமான கேள்வி. அறிக்கையிடாதவனுக்கு மன்னிப்பு உண்டா? நாட்டின் அமைதிக்காக வழக்கைக் கைவிடலாமா? கென்னடி பெயரால் அமைந்த துணிவு விருதை அதே மன்னிப்புக்காக 2001-இல் போர்டு பெற்றார். இவ்வளவு ஆழமாக எண்ண வேண்டிய தலைவரை அவர் கால் தடுக்கியதை வைத்தே எடைபோடச் செய்தது அந்த நடிப்பு. போலி நடிப்பு செய்யக்கூடிய பெருந்தீங்கு இதுவே. அது தலைவரைப் புண்படுத்துகிறது என்பதைவிட, சிந்திக்கும் கடமையிலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறது என்பதே கவலைக்குரியது.

மற்றொரு சான்று 2008-ஆம் ஆண்டினது. துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலின், அலாஸ்காவில் உள்ள ஒரு தீவிலிருந்து ரஷ்யாவைக் காண முடியும் என்றார். அது உண்மையே, இரு நாட்டுத் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 4 கிலோமீட்டர்தான். அவரைப் போல நடித்த டினா ஃபே, தம் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது என்று பேசினார். நடிகையின் சொல்லே பேலினின் சொல்லாக உலகில் நிலைத்துவிட்டது. பேலினின் தகுதியை ஐயுற வேறு நியாயங்கள் இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக நம்புவது எட்டாம் கட்டளையைத் தொடும் செய்தி. நடிகை பொய்ச்சாட்சி சொல்லவில்லை; அவர் நடித்தார். அதை உண்மையெனப் பரப்பியவர்களே சாட்சிகளானார்கள்.

நகைச்சுவைக்கு நாம் பகைவர் அல்லோம். அளவோடு அமைந்த விளையாட்டு நற்பண்பே என்றும், மகிழ்ச்சியே அறியாது இறுகியிருப்பதும் குறையே என்றும் புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். பிறரை நாணச் செய்யும் ஏளனத்தையோ அவரே பாவங்களின் வரிசையில் வைத்தார். 1940-இல் 'மாபெரும் சர்வாதிகாரி' படத்தில் ஹிட்லரைப் போலித்த சார்லி சாப்ளின், மீசையோடு நிற்கவில்லை. உலகை விளையாட்டுப் பந்தாக்கும் பேராசையையும் யூதர்க்கு இழைத்த கொடுமையையும் காட்டினார். அங்கே நகைப்புக்கு உள்ளானது உடல் அன்று, செயல். 1992-இல் தேர்தலில் தோற்ற ஜார்ஜ் புஷ், தம்மைப் போலவே நடித்துவந்த டேனா கார்வியை வெள்ளை மாளிகைக்கு அழைத்துத் தம் ஊழியர்முன் நடிக்கச் செய்தார். தன்னைக் கண்டு தானே சிரிக்கும் தாழ்ச்சி தலைவனுக்கும் அழகு.

நற்செய்தியிலும் ஒரு போலி நடிப்பு உண்டு. ஆளுநரின் படைவீரர் இயேசுவுக்குச் செந்நிற அங்கி உடுத்தி, முள்முடி சூட்டி, கையில் ஒரு கோலைக் கொடுத்து, முழந்தாளிட்டு அரசே என்று வாழ்த்தினார்கள். அது வலியோர் எளியோரைக் கண்டு சிரித்த சிரிப்பு. அரியணையை நோக்கி எளியோர் சிரிக்கும் சிரிப்பு அதற்கு நேர்மாறானது. பாடுகளின் அக்காட்சி நமக்கு மற்றொன்றையும் உணர்த்துகிறது. அவர்கள் கேலியாக நடித்ததே மெய்யாயிருந்தது. சிரிப்பில் மூழ்கியிருந்த அவர்களுக்கோ தம்முன் நின்றவர் யாரென்று தெரியவில்லை.

எமது மறையுரைக் குரலின் இழுவையைப் பங்கு இளைஞர் சிலர் போலப் பேசிக் காட்டியதுண்டு. யாமும் சிரித்தோம். குரல் இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறதே, மறையுரையில் சொன்னது என்ன என்று கேட்டோம். மௌனமே விடையாயிற்று. அது எமக்கும் ஒரு பாடம்தான்.

ஆகவே சிரிப்போம். திடலிலிருந்து வீடு திரும்பும் வழியில் மட்டும் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: இந்தத் தலைவர் எப்படிப் பேசுகிறார் என்பதை அறிந்தோம், ஏழைக்கு அவர் என்ன செய்தார் என்பதை அறிவோமா?