மலையில் நடிக்கப்படும் களவு

குறிஞ்சித் திணை நடத்திக்கொண்டிருந்த ஒரு வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்து, "மேம், எங்க அக்காவோட கல்யாண ஆல்பம் முழுக்கக் குறிஞ்சிதான்" என்றாள். வகுப்பே சிரித்தது. மலை இருக்கிறது, பனி இருக்கிறது, ஆணும் பெண்ணும் தனித்திருக்கிறார்கள். முதற்பொருளும் உரிப்பொருளும் சரியாகத்தானே பொருந்துகின்றன என்பது அவள் வாதம். அடுத்த வாரம் ஆல்பத்தையே கொண்டுவந்து கொடுத்தாள். அதை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு நான் செய்த வாசிப்பே இந்தக் கட்டுரை.

திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஊட்டியில் எடுத்த 'ப்ரீ வெட்டிங் ஷூட்' அது. பைன் காடு, பைக்காரா, ஒரு தேயிலைத் தோட்டம் என மூன்று இடங்கள். தரையில் புரளும் கையில்லாத சிவப்பு கவுனில் மணமகள். கோட்டும் ஷூவும் அணிந்து மணமகன். அவள் ஓடுகிறாள், அவன் பின்தொடர்கிறான். அவன் தூக்குகிறான், அவள் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அவன் கேமராவையோ தூரத்து மலையையோ பார்க்கிறான். அவள் பெரும்பாலான படங்களில் அவனைப் பார்க்கிறாள், இல்லையென்றால் தரையைப் பார்க்கிறாள். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் அக்கா ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள் என்று தங்கை சொன்னாள். அந்தச் சால்வை ஆல்பத்தில் எங்கும் இல்லை.

குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தலும் அதன் நிமித்தமும். சங்கப் பாடல்களில் இந்தப் புணர்தல் களவில் நிகழ்கிறது. பெற்றோர் அறியாதது என்பதாலேயே அது களவு. இற்செறிப்பும் அலரும் காவலும் அதைச் சூழ்ந்திருக்கின்றன. தலைவி பிடிபட்டால் வீட்டுக்குள் அடைபடுவாள். தலைவன் வராமல் போனால் கைவிடப்படுவாள். களவுக்கு ஒரு விலை இருந்தது, அதைப் பெரும்பாலும் அவளே கொடுத்தாள்.

ஆல்பத்தில் இருக்கும் களவு வேறு வகை. சாதி, உட்சாதி, ஜாதகம், பவுன், மண்டபம் எல்லாம் பேசி முடித்த பிறகு, இரு வீட்டாரின் அனுமதியோடும் பணத்தோடும், துணைக்கு வந்த சித்தியும் கார் ஓட்டுநரும் பார்த்திருக்க நடிக்கப்பட்டது. அதுவரை அவர்கள் தனியாகச் சந்தித்தது இரண்டே முறை. காதலித்து மணந்தவர்கள்போல் தோன்ற வேண்டும், ஆனால் காதலித்திருக்கக் கூடாது என்பதே இந்தப் படங்களின் இலக்கணம். பெண்ணின் தேர்வை மறுக்கும் ஒரு முறை, அந்தத் தேர்வின் தோற்றத்தை மட்டும் இரண்டு நாள் வாடகைக்குத் தருகிறது.

உண்மையில் களவொழுக்கம் மேற்கொண்டு உடன்போக்குப் போனவர்களையும் நம் காலத்துக் கேமரா பதிவு செய்திருக்கிறது. 2016 மார்ச் 13 அன்று ஆனைமலை அடிவாரத்து உடுமலைப்பேட்டையில், சாதி மறுத்து மணந்த சங்கரும் கௌசல்யாவும் பட்டப்பகலில் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார், கௌசல்யா பிழைத்தார். அதைப் படம்பிடித்தது கண்காணிப்புக் கேமரா. ஒரே மேற்கு மலைத்தொடர்; களவை நடிப்பவர்களுக்கு ட்ரோன், வாழ்ந்தவர்களுக்கு சி.சி.டி.வி. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் திருமண ஆல்பத்தின் அழகியலைப் பற்றிப் பேச முடியாது என்று நினைக்கிறேன்.

இனி கருப்பொருள். அந்தப் பைன் மரங்கள் நீலகிரி மண்ணுக்கு உரியவை அல்ல, நட்டு வளர்க்கப்பட்டவை. தேயிலையும் அப்படியே. ஊட்டி ஏரி, 1820களில் ஜான் சல்லிவன் நீரோடையைத் தேக்கி உருவாக்கியது. சோலைக்காடும் புல்வெளியுமாக இருந்த மலையின் மீது காலனியம் வரைந்த காட்சியைத்தான் இன்று நாம் 'இயற்கை' என்று பின்னணியில் வைத்துக்கொள்கிறோம். பைன் காட்டில் அடிச்செடிகள் அதிகம் வளராததும் கவுனுக்கு வசதி. மேடைபோல் சுத்தமாக இருக்கிறது.

நீலகிரியில் குடும்பப் படம் எடுக்கும் வழக்கத்துக்கும் காலனிய வரலாறு உண்டு. நீலகிரியின் முதல் கமிஷனரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், மலையின் பழங்குடிகளையும் நினைவுச்சின்னங்களையும் பற்றித் தொகுத்த நூல் படங்களுடன் 1873இல் வெளிவந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். நூலைப் பதிப்பித்தவர் அவருடைய மனைவி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ.டி.டபிள்யூ. பென் ஊட்டியில் ஸ்டூடியோ வைத்து வெள்ளைக்காரக் குடும்பங்களையும் தோடர்களையும் படமெடுத்தார். எடுத்தவர் ஒருவரே ஆனாலும் படத்தின் பொருள் ஒன்றல்ல. துரை வீட்டார் காசு கொடுத்து எடுத்துக்கொண்டது குடும்பப் படம். தங்கள் குடிசை முன்னால் நிறுத்தப்பட்ட தோடப் பெண்ணும் ஆணும் குழந்தையும் 'இன மாதிரி'. அந்தக் காலத்து இனவரைவியல் படங்களில் பெரும்பாலும் அவர்களுக்குப் பெயர்கூட இருக்காது, இனப்பெயர் மட்டுமே. கண்ணகல மலையைப் பார்க்கும் உரிமை ஒருவருக்கு, மலையின் பகுதியாகப் பார்க்கப்படும் விதி இன்னொருவருக்கு.

தோடர்களிடையே கர்ப்பகாலத்தில் கணவன் மனைவிக்குப் புல்லாலும் குச்சியாலும் செய்த வில்லைக் கொடுக்கும் சடங்கு உண்டு. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தை யார் என்பதை நிறுவும் சடங்கு அது. தந்தையுரிமை பற்றியதுதான், அதில் பெண்விடுதலை எதையும் நான் தேடவில்லை. ஆனால் காதல், கல்யாணம், கர்ப்பம் என்று நம் ஆல்பங்கள் இயற்கைபோல் அடுக்கிக்காட்டும் வரிசை, அதே மலையில் வேறு விதமாகவும் இருந்திருக்கிறது என்பதை மாணவிகள் அறிய வேண்டும்.

ஆல்பத்தின் கடைசிப் பகுதி தேயிலைத் தோட்டம். மணமகள் தோளில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளுவதுபோல் நிற்கிறாள். பின்னால், குவியம் கலைந்த பச்சையில், தலையில் துணி கட்டிய இரண்டு பெண்கள். இந்தப் படத்தை வகுப்பில் காட்டியபோது கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்கம்மாகிட்டயும் இப்படிக் கூடையைக் கேட்டு வாங்குவாங்க மேம். வாங்கிட்டு, கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மாம்பாங்க. கூடை இல்லாம நிக்கிற நேரத்துக்கு எடை எங்கருந்து வரும்?"

சங்கக் குறிஞ்சியின் தலைவி தினைப்புனம் காத்தவள். தட்டையும் குளிரும் தழலும் கொண்டு கிளி ஓட்டியவள். காதலித்தவளும் வேலை செய்தவளும் ஒருத்தியே. ஆல்பம் அவளை இரண்டாகப் பிரித்துவிட்டது. காதல் மணமகளுக்கு, வேலை குவியத்துக்கு வெளியே நிற்பவளுக்கு, கூடை மட்டும் இருவருக்கும் பொது.

அந்தக் கூடைக்காரப் பெண்களின் வீடுகளிலும் குடும்பப் படங்கள் உண்டு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத்து மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்காக நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ ஆனது. கோத்தகிரி மாணவியின் பாட்டி அப்படி வந்தவர். அவர்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய படம் கடவுச்சீட்டுக்காக எடுத்தது. சிரிப்பு இல்லை, மலை இல்லை, பின்னால் ஒரு வெள்ளைத் துணி. பாட்டியின் தங்கை அந்தப் படத்தில் இல்லை. அவர் வேறு விண்ணப்பத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டார். யார் குடும்பம், யார் குடும்பமில்லை என்பதை அந்தப் படத்தின் சட்டகத்தில் முடிவுசெய்தது அரசு.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆல்பத்துக்குரிய பெண்ணை வெறும் பொம்மையாக நான் வாசித்துவிட்டேனோ என்ற ஐயம் வந்தது. தங்கை வழியாகக் கேட்டேன், அந்த இரண்டு நாள் பிடித்திருந்ததா என்று. அக்காவே தொலைபேசியில் பேசினாள்.

"பிடிச்சிருந்துச்சு மேம். அந்த ரெண்டு நாள்லதான் அவர்கூடத் தனியாப் பேச முடிஞ்சுது. போட்டோகிராபர் லைட்டு சரிபண்ற நேரம், ட்ரோன் பேட்டரி மாத்துற நேரம். கல்யாணத்துக்கு அப்புறம் பிஎச்.டி. சேரலாமான்னு அப்பத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்னார்."

அதற்கு அடுத்து எடுத்த படம் எது என்று கேட்டேன். பைன் காட்டில் அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கும் படம். ஆல்பத்தின் அட்டையிலும் அதுதான். அதற்குப் பிறகு என்னால் அந்த அட்டையைப் பழையபடி பார்க்க முடியவில்லை. களவு என்று ஒன்று அங்கே நிகழ்ந்திருந்தால் அது படங்களுக்கு இடையில், சால்வை போர்த்தியிருந்த நிமிடங்களில் நிகழ்ந்தது. ஒரு பெண் தன் வாழ்வைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அந்த இடைவெளியில் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் தலைவிக்காகச் செவிலியிடம் பேச ஒரு தோழி இருந்தாள். இங்கே லைட்டு சரிபண்ணும் பையன் மட்டுமே இருந்தான்.

திருமணச் சடங்கு ஏன் வந்தது என்பதற்குத் தொல்காப்பியர் சொல்லும் காரணத்தை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம்: சொன்ன சொல்லை மறுப்பவர்களும் கைவிடுபவர்களும் தோன்றியதால் வந்தது. அதாவது சடங்கு ஒரு சாட்சி. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் பதிவு செய்யாமல் விடப்பட்ட பெண்கள் குடும்ப நீதிமன்றத்தில் நிற்கும்போது, தாலி கட்டும் படத்தையும் அழைப்பிதழையும்தான் தேடுகிறார்கள். ஆண்டுக்கணக்காக யாரும் புரட்டாத ஆல்பம் அன்றைக்குத்தான் ஆவணமாகிறது. அது புகுந்த வீட்டுப் பீரோவில் இருக்கும், சாவி அவளிடம் இருக்காது.

ஆகவே மாணவிகளுக்கு நான் சொல்வது, ஆல்பம் வேண்டாம் என்பதல்ல. எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்தால் சால்வையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கூடையை வாங்கினால் அதற்குரியவரின் பெயரைக் கேளுங்கள், அன்றைய கூலியையும் கொடுங்கள். கணவனை இழந்த அம்மாவைக் குடும்பப் படத்தின் ஓரத்துக்குத் தள்ளும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். எடுத்த படங்கள் அனைத்திற்கும் உங்கள் கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்வியை லைட்டு சரியாகும்வரை காத்திராமல், நாள் குறிப்பதற்கு முன்பே கேளுங்கள்.

ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, ஆல்பத்தில் சேராத மற்ற படங்கள் எங்கே என்று தங்கையிடம் கேட்டேன். எல்லாம் ஒரு பென்டிரைவில் மாப்பிள்ளையின் அண்ணனிடம் இருக்கிறதாம். அக்கா கேட்டிருக்கிறாள். இன்னும் வரவில்லை.