மதிலைச் சுற்றி ஒரு நடை

கட்டணம் வாங்கிக்கொண்டு நாலு தெருவை நடத்திக் காட்டும் வழக்கம் புதுச்சேரியில் நன்றாக வேரூன்றிவிட்டது. நான் சேர்ந்துகொண்ட நடையில் வழிகாட்டியாக வந்த இளைஞருக்குக் கணீரென்ற குரல், ஞாபகசக்தியும் அபாரம். குறை அவரிடம் இல்லை. அவரிடம் சொல்லிக்கொடுத்து அனுப்பிய கதையில் இருக்கிறது. கதை எழுதிப் பிழைப்பவனுக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி கடற்கரைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் இடையிலுள்ள பிரெஞ்சு வீதிகளிலேயே போய்விட்டது. மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, வண்டி நுழையும் அளவுக்கு வாயிற்கதவு. பிரெஞ்சுக்காரன் தெருவுக்கு மதிலைக் காட்டிவிட்டுத் தோட்டத்தை உள்ளே வைத்துக்கொண்டான். அது அவன் சௌகரியம். ஆனால் தோட்டம் பார்க்க வந்த நாங்கள் பார்த்ததெல்லாம் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த காகிதப்பூவைத்தான்! 1761-ல் ஆங்கிலேயர் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் திரும்பக் கிடைத்த பிறகு பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டினார்கள். கட்டிய கை நம் கொத்தனார் கை. இதற்கு ஒரு வாக்கியம் ஒதுக்கியிருக்கலாம்.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் முன்னால் மட்டும் இளைஞர் உண்மையான கதைசொல்லியாக மாறினார். தீபம் எரிந்த தாசி வீட்டைக் கோயில் என்று எண்ணிக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டாராம்; விஷயம் தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம்; ஆயி தானே வீட்டை இடித்துக் குளம் வெட்டினாளாம். ஐதிகம்தான். ஆனாலும் கூட்டம் அசையாமல் நின்றது.

வாய்க்காலைத் தாண்டியதும் நடை ஓட்டமாயிற்று. நடந்து பார்ப்பதற்கென்றே அமைந்தவை தமிழ் வீதிகள் அல்லவா? தாழ்வாரம், திண்ணை, மரத்தூண் எல்லாம் தெருவைப் பார்த்து இருக்கின்றன. கதவு திறந்திருந்தால் முற்றத்து வெளிச்சம் வாசல்வரை வரும். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில் கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு. 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதி, ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பு கண்ணை மூடிய மனிதரின் வீடு. அதற்கு எங்களுக்குக் கிடைத்தது மூன்று நிமிஷம்.

இதை அற்பக் குறை என்று சொல்ல மாட்டேன். 2014-ல் மழையில் சரிந்த நகராட்சி மாளிகையை அதே சாயலில் கட்டி 2021-ல் திறந்தார்கள். திண்ணை வீடு சரிந்தால் அந்த இடத்தில் கான்கிரீட் மாடிதான் எழும்புகிறது. வைசியாள் வீதியில் வீடுகளைப் புதுப்பித்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ பரிசே கிடைத்தது. அப்படிப்பட்ட வீதியில் வழிகாட்டி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நடையை அங்கிருந்து தொடங்கினால் என்ன? சாயங்காலம் ஐந்து மணிக்கு, திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது. மதில்களைக் கடைசி அரைமணியில் பார்த்துக்கொள்ளலாம். இருட்டினாலும் அவற்றில் பெரிய நஷ்டமில்லை.