நான்கு இருக்கைகளின் விலை

கெப்பாலா பத்தாஸிலுள்ள சுல்தான் அப்துல் ஹலீம் விமான நிலையத்தில் இன்று ஏறி இறங்குபவை பெரும்பாலும் உள்நாட்டு விமானங்கள்தாம். சுபாங்குக்குப் போகும் ஃபயர்ஃபிளை ஏடிஆரில் 72 இருக்கைகள். எல்லாம் ஒரே வகுப்பு. டத்தோவானாலும் நெல் வியாபாரியானாலும் முழங்காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். இந்த ஊரில் இருந்துகொண்டு நெடுந்தூர விமானங்களின் முதல் வகுப்புக்குத் தீர்ப்பு எழுத வருவது கொஞ்சம் துணிச்சல்தான் என்று தோன்றலாம். ஆனால் அந்த வகுப்பு பிறந்த காலத்திலேயே அலோர் ஸ்டாருக்கு அதோடு உறவு உண்டு.

1930களில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியா வரை கேஎல்எம் நடத்திய வான்வழியில், பாங்காக்கை அடுத்த நிறுத்தம் அலோர் ஸ்டார். அதன் பிறகு மேடான். லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த இம்பீரியல் ஏர்வேஸும் இங்கே இறங்கித்தான் போனது. கேஎல்எம் அந்த வழியில் ஓட்டிய விமானங்களில் ஃபோக்கர் எஃப்-18 ஒன்று. ஐரோப்பாவுக்குள் பறந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று பேரை ஏற்றும். கிழக்கே வரும்போது நான்கே பேர், படுத்துத் தூங்க வசதியோடு. மீதி எடையைத் தபாலும் எரிபொருளும் பார்த்துக்கொண்டன. பிறகு நிற்காமல் வெகுதூரம் பறக்கும் விமானங்கள் வந்தன. அலோர் ஸ்டாரில் இறங்கும் தேவை போய்விட்டது.

2017 கடைசியில் மலேசியா ஏர்லைன்ஸ் தன் முதல் ஏ350 விமானத்தைப் பெற்றது. மொத்தம் 286 இருக்கைகள். அதில் முதல் வகுப்பு நான்கு. இடையில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தும் எண்ணிக்கை அதேதான். இது தற்செயல், ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியான தற்செயல். இந்த நான்கு இருக்கைகள் கேட்கும் விலைக்கு ஈடாக எதைத் தருகின்றன என்பதுதான் நான் எடைபோட விரும்புவது.

முதலில் ஒரு வாதத்தை ஒதுக்கி வைக்கிறேன். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாக இருக்கையில், லண்டன் போய்வர ஐந்து இலக்கத்தில் சீட்டு வாங்குவது அநியாயம் என்று சொல்லி இரண்டே பத்தியில் முடித்துவிடலாம். கைத்தட்டலும் கிடைக்கும். அது திறனாய்வு ஆகாது. பட்டுப்புடவையையும் தங்கத்தையும் அந்தத் தராசில் வைத்தால் அவையும்தான் தேறாது. ஒரு ஆடம்பரப் பொருள் தானே சொல்லிக்கொள்வதைச் செய்கிறதா என்று பார்ப்பதே நேர்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் வகுப்பைப் பற்றி நாம் படிப்பதும் பார்ப்பதும் பெரும்பாலும் முழு விலை கொடுக்காதவர்கள் சொன்னவை. மைல்களைச் சேர்த்து ஏறியவர், நிறுவனமே அழைத்துப் போனவர், கடைசி நிமிடத்தில் மேல்வகுப்புக்கு மாற்றப்பட்டவர். இவர்கள் தலையணையின் மென்மையைச் சரியாகச் சொல்வார்கள். விலைக்குத் தகுந்ததா என்பதை எப்படிச் சொல்வார்கள்? முழுப் பணம் கட்டிப் போகும் பெரும் முதலாளிகள் அனுபவக் கட்டுரை எழுதுவதில்லை.

சரி, படுக்கைக்கு வருவோம். முதல் வகுப்பின் ஆணிவேர் அதுதான். 1990களின் நடுவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் முதல் வகுப்பில் முழுவதும் தட்டையாக விரியும் படுக்கையைக் கொண்டுவந்தபோது அது உண்மையிலேயே பெரிய மாற்றம். பதின்மூன்று மணி நேரம் உட்கார்ந்தபடி தூங்குவதற்கும் நிமிர்ந்து படுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதுகு வலியுள்ள எவரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 2000இல் அதே நிறுவனம் அதே தட்டைப் படுக்கையைப் பிசினஸ் வகுப்புக்கும் இறக்கியது. மற்றவர்களும் வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள். 2017இல் கத்தார் ஏர்வேஸ் பிசினஸ் வகுப்புக்குக் கதவே வைத்துவிட்டது. முதல் வகுப்பின் வரலாறு அன்று முதல் ஒரு ஓட்டம்தான். கீழிருந்து பிசினஸ் வகுப்பு ஏறி வர வர, இது மேலே மேலே ஓடுகிறது. எமிரேட்ஸ் 2008இல் ஏ380க்குள் குளியலறை கட்டியது, சுடுநீர் ஐந்து நிமிடம். எதிஹாட் 2014இல் படுக்கையறை, வரவேற்பறை, குளியலறை என்று ஒரு வீட்டையே வைத்து ‘ரெசிடென்ஸ்’ என்றது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017இல் நாற்காலி தனி, கட்டில் தனி என்று ஆறு அறைகளைப் போட்டது. படுக்கை வந்தது ஒரு தேவைக்கு விடையாக. அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் பக்கத்து வகுப்போடு வந்த போட்டிக்கு விடை.

இந்த இடத்தில் நம் ஆட்களின் நெடும்பயணம் நினைவுக்கு வராமல் போகாது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிப் பினாங்கில் இறக்கியது. அங்கிருந்து கெடாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று பீடோங்கிலும் லூனாஸிலும் சுங்கை பட்டாணியிலும் இருக்கிறவர்கள். டெக்கில் வந்த அவர்களுக்கு மரியாதை இல்லை, காற்றும் வெயிலும் உப்பும்தான். ஆனால் பாயை விரித்துப் படுத்தார்கள். கால் நீட்டிப் படுப்பது கடைசி வகுப்புக்கும் கிடைத்த காலம் அது. விமானம் வந்து நாட்களை மணியாகச் சுருக்கியபோது அந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது. முப்பத்தோரு, முப்பத்திரண்டு அங்குல இடைவெளியில் உட்காரவைத்து, படுக்க வேண்டுமென்றால் தனியாகப் பணம் கேட்டது. பறித்ததைத் திருப்பி விற்கிறார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், முழுப் பொய் அல்ல.

அடுத்தது உடல். நெடுந்தூரப் பறத்தல் நம்மைச் சோர்வடையச் செய்வது இருக்கையால் மட்டுமல்ல. காற்றழுத்தம் குறைவு, ஈரப்பதம் மிகக் குறைவு, நேரமண்டலம் மாறுகிறது. ஏ350 போன்ற புதிய விமானங்களில் உள்ளறை அழுத்தம் ஏறத்தாழ 6,000 அடி உயரத்துக்குச் சமம். நம் ஜெராய் மலை உச்சியே 1,217 மீட்டர்தான், அதாவது நாலாயிரம் அடி. ஆகவே லண்டன் போகிறவர் பதின்மூன்று மணி நேரம் கெந்திங் ஹைலண்ட்ஸ் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பழைய விமானமென்றால் 8,000 அடி வரை. நான்கு பேருக்குத் தனி அறை போட்டாலும் அவர்களுக்கென்று தனிக் காற்றழுத்தம் போட முடியாது. லண்டனுக்கும் நமக்கும் உள்ள ஏழெட்டு மணி நேர வித்தியாசத்தையும் எந்தப் பணிப்பெண்ணும் போர்வை போட்டு மறைக்க முடியாது. நன்றாகத் தூங்கியவர் அதை எளிதாகச் சமாளிப்பார் என்பது நியாயமான பதில்தான். ஆனால் அந்தத் தூக்கத்தைப் பிசினஸ் வகுப்புப் படுக்கையும் தருகிறதே!

காலில் இரத்தம் உறைவதைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. அது ‘எகானமி’ வகுப்புக்காரருக்கு வரும் நோய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும் பயணத்தில் இந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்காவதைக் காட்டியது. காரணம் அசையாமல் இருப்பது. விமானம் மட்டுமல்ல, பேருந்தும் ரயிலும் காரும் அதில் அடங்கும். 2012இல் அமெரிக்க மார்பு மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலோ, எகானமி இருக்கைதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. ஷாம்பெயின் குடித்துவிட்டு ஏழு மணி நேரம் அசையாமல் தூங்கும் முதல் வகுப்புக்காரரும் எழுந்து நடக்கத்தான் வேண்டும்.

உணவைப் பற்றி விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அவ்வளவு எழுத அதில் ஒன்றுமில்லை. வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் உப்பும் இனிப்பும் நாக்கில் மங்குகின்றன. ஜெர்மனியில் லுஃப்தான்சாவுக்காக ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் செய்த சோதனைகள் இதை 2010 வாக்கிலேயே சொல்லிவிட்டன. மென்சுவையை நம்பி நிற்கும் விலையுயர்ந்த பதார்த்தங்கள் மேலே போனால் தோற்கும். காரமும் புகைவாசமும் கடலைக் குழம்பும் உள்ளவை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் மலேசியா ஏர்லைன்ஸ் மேல்வகுப்புகளில் பரிமாறும் சாத்தே இத்தனை ஆண்டுகளாகப் பெயர் பெற்றிருக்கிறது என்று நினைக்கிறேன். அதுவும் பிசினஸ் வகுப்புக்கும் உண்டு. அலோர் ஸ்டாரில் இரவுச் சந்தையில் கிடைப்பதைவிட அது மேலா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

எஞ்சியிருப்பது அமைதி. முதல் வகுப்பின் உண்மையான சரக்கு இதுவே என்பது என் கணிப்பு. கட்டிலைவிட, சுற்றிலும் ஆள் இல்லாததே விற்கப்படுகிறது. மலேசியா ஏர்லைன்ஸ் 2012 ஜூலையில் லண்டனுக்கு ஏ380ஐ ஓட்டத் தொடங்கியபோது 494 இருக்கைகளில் எட்டு மட்டும் முதல் வகுப்பு. அந்த எட்டின் பக்கம் கைக்குழந்தைகளை விடுவதில்லை என்று முன்னரே முடிவு செய்திருந்தார்கள். அப்போது பெரிய சர்ச்சை கிளம்பியது. குழந்தையோடு போகும் குடும்பம் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் அங்கே இடமில்லை என்றால், அங்கே விற்கப்படுவது எது என்பது தெளிவாகிவிடுகிறது. இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. மறுநாள் காலையில் அறுவைசிகிச்சை செய்யப் போகும் மருத்துவருக்கோ, நோயின் வலியோடு ஊர் திரும்புகிறவருக்கோ அந்த அமைதி பெரியது. ஆனால் நம் குடும்பங்கள் பயணம் செய்யும் முறைக்கு அது பொருந்துமா? மூட்டுவலியுள்ள அம்மாவைத் தனியறையில் படுக்கவைத்துவிட்டு மகன் பின்னால் நாற்பதாவது வரிசையில் உட்கார்ந்தால், அம்மா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை அனுப்பி மகன் சாப்பிட்டானா என்று கேட்பார்.

நேரத்தைப் பொறுத்தவரை முதல் வகுப்பு தோற்கிறது. வரிசையில் அரைமணி மிச்சம், ஓய்வறையில் நல்ல நாற்காலி. அவ்வளவே. கெடாக்காரருக்கு அந்த அரைமணியும் உறுதியில்லை. சுபாங்கில் இறங்கினால் கோலாலம்பூரின் கேஎல்ஐஏ விமான நிலையத்துக்குச் சாலை வழியே போக வேண்டும். ஏர்ஏசியாவில் வந்தால் இரண்டாம் முனையத்திலிருந்து முதல் முனையத்துக்கு மாற வேண்டும். பயணத்தின் மிகச் சிரமமான பகுதி எதுவோ அங்கே முதல் வகுப்பு இல்லை.

இம்பீரியல் ஏர்வேஸ் காலத்துப் பயணி லண்டனிலிருந்து சிங்கப்பூர் வர ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். இரவுகளில் விமானம் இறங்கிவிடும், அவர் விடுதியில் தூங்குவார், செலவு கட்டணத்திலேயே அடங்கும். உடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்குக்குப் பழகியது. அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் 1956 ஜனவரி முதல் நாள் சுதந்திரப் பேச்சுக்குப் புறப்பட்டபோது, சிங்கப்பூரிலிருந்து ‘ஆசியா’ என்ற கப்பலில் கராச்சி வரை போய், அதன் பிறகுதான் லண்டனுக்கு விமானம் ஏறினார். அவருடைய கூட்டணிக் கட்சியின் பிரதிநிதிகளும் சுல்தான்களின் பிரதிநிதிகளும் லண்டனைத் தொடுமுன் ஒருமனதாக வேண்டும் என்பதற்காகவே அந்தக் கடல்வழி. அவர்கள் பேசி முடித்தார்கள். பணத்தால் வாங்கிய மெதுவான நாட்கள் ஒரு காரியத்தைச் சாதித்தன. இன்றைய முதல் வகுப்பால் அப்படி ஒரு நாளைக்கூட விற்க முடியாது. 286 பேருக்கும் ஒரே பதின்மூன்று மணி நேரம்தான்.

சுற்றுச்சூழல் கணக்கையும் சேர்க்க வேண்டும். உலக வங்கி 2013இல் வெளியிட்ட ஆய்வு, முதல் வகுப்புப் பயணியின் கரியமிலச் சுமை எகானமிப் பயணியினுடையதைப்போல் ஒன்பது மடங்கு வரை போகலாம் என்றது. பிரிட்டிஷ் அரசின் கணக்கில் நான்கு மடங்கு. எடுத்துக்கொள்ளும் இடத்தின் கணக்கு இது, எளிதில் மறுக்க முடியாது.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. முதல் வகுப்பு செத்துவிட்டது என்று சொல்வோர் அவசரப்படுகிறார்கள். லுஃப்தான்சா 2024இலும் ஏர் பிரான்ஸ் 2025இலும் புதிய முதல் வகுப்பு அறைகளை அறிமுகப்படுத்தின. பாரிஸ், துபாய், சிங்கப்பூர் போன்ற நகரங்களில் முழு விலை கொடுக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு விமானத்தில் நான்கு பேர் கிடைத்தால் போதும். கோலாலம்பூரில் அந்த நான்கு பேர் தினமும் கிடைக்கவில்லை. எம்எச்370, எம்எச்17 விமானத் துயரங்களுக்குப் பிறகு தட்டுத் தடுமாறி எழுந்த மலேசியா ஏர்லைன்ஸ் 2018 டிசம்பரில் முதல் வகுப்பு என்பதையே கைவிட்டு, அதே இருக்கைகளை ‘பிசினஸ் சூட்’ என்று குறைந்த விலையில் விற்கத் தொடங்கியது. 2024 கடைசியில் வந்த ஏ330 நியோவில் பிசினஸ் 28, எகானமி 269. முதல் வகுப்புக்கு ஒரு இருக்கைகூட இல்லை. இருக்கையில் குறை இருந்ததால் அல்ல. பிசினஸ் வகுப்பை விட்டு அதற்கு ஏறும் காரணத்தை வாங்குவோருக்கு அவர்களால் சொல்ல முடியவில்லை.

என் தீர்ப்பும் அதையே ஒட்டி வருகிறது. நாற்காலியிலிருந்து படுக்கைக்குப் போகக் கொடுக்கும் பணம், பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட இரவுப் பயணத்துக்கும் வயதான அல்லது நோயுற்ற உடலுக்கும் தகும். அதைக் குடும்பமாகச் சேர்த்து வைத்தாவது கொடுக்கலாம். படுக்கையிலிருந்து முதல் வகுப்புக்குப் போகக் கொடுக்கும் பணம் தகாது. காற்றும் நேரமும் நாக்கும் அங்கே மாறுவதில்லை. மாறுவது அமைதியும் மரியாதையும்தான், அவற்றுக்கு அந்த விலை அதிகம். கெடாவிலிருந்து போகிறவர் அந்த வித்தியாசப் பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, முந்தின நாளே கேஎல்ஐஏ பக்கம் ஒரு விடுதியில் தங்கித் தூங்கிவிட்டு ஏறினால் அதிக நன்மை. வைத்திருக்கும் மைல்கள் காலாவதியாகப் போகின்றன, வேறு எதற்கும் பயன்படாது என்றால் மட்டும் தாராளமாகப் போய் உட்காருங்கள். சாத்தே வந்தால் இரண்டாவது தட்டும் கேளுங்கள்.