‘கூலி’ என்று தட்டினால்தான் கிடைக்கிறோம்

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தை நான் அடிக்கடி மேய்வதுண்டு. பழைய நாளேடுகளை யாரும் காசில்லாமல் வாசிக்கலாம். இந்த வட்டாரத்தில் அதற்கு இணையான தளம் எனக்குத் தெரிந்து இல்லை. கோல சிலாங்கூர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ரப்பர் கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டச் செய்திகள் வந்து விழுகின்றன. எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு எத்தனை பவுண்டு ரப்பர், பங்குதாரருக்கு எவ்வளவு லாபம் என்று எல்லாம் இருக்கிறது. அந்த மரங்களை வெட்டியவர்களைத் தேடப் போனால், அதிகம் பலன் தரும் சொல் ‘கூலி’. என் பாட்டி பெரட்டுக்கு ஓடிய காலத்தை நான் அந்தச் சொல்லைத் தட்டித்தான் தேடவேண்டியிருக்கிறது.

இது அந்தத் தளத்தின் குற்றமில்லை. அச்சில் இருந்ததைத்தான் கணினி காட்டும். ஆனால் ‘மரபை எல்லாருக்கும் திறந்துவிட்டோம்’ என்று மேடையில் பேசுகிறவர்கள், யாருடைய மொழியில் திறந்தோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

1941-ஐ எடுத்துக்கொள்வோம். கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அது. முன்னின்ற ஆர். எச். நாதன் ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் இருந்தவர். கூலி உயர்வோடு, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்து என்றும் கேட்டார்கள். மே மாதம் நாதன் கைதானார், பிறகு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். ஆங்கில ஏடுகளுக்கு இது முதலில் ஒழுங்குப் பிரச்சினை. சைக்கிளை விட்டு இறங்கியவனுக்கு அது என்னவாக இருந்தது என்று அறிய, 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனையும், 1935-இல் பிறந்த தமிழ் முரசையும்தான் புரட்டவேண்டும். அங்கேதான் தொழில்நுட்பம் தடுக்கிறது. தேய்ந்த அச்சு, மங்கிய தாள், துதிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’. எந்திரம் இவற்றை வாசிக்கத் திணறுகிறது. வெறும் படமாக ஏற்றப்பட்ட தமிழ்ப் பக்கத்தைப் பார்க்கலாம், வாசிக்கலாம். தேட முடியாது. தேதி தெரிந்தவனுக்கு மட்டுமே அது கிடைக்கும்.

தமிழுக்குக் கருவி இல்லை என்று இனியும் சாக்குச் சொல்ல முடியாது. முரசு அஞ்சல் 1985-லேயே இந்த நாட்டு முத்து நெடுமாறன் கையில் பிறந்துவிட்டது. இல்லாதது, உட்கார்ந்து பெயர் எழுதும் ஆள்.

பெயர் என்றதும் நம்ம ஊர்ச் சிக்கல் வந்துவிடுகிறது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. கைப்பேசி வரைபடத்துக்குப் புதுப்பெயர்தான் தெரியும், பெரியவர்கள் வாயில் இன்னும் பழசுதான். கட்டைக் கணக்கில் இடம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஹோப்புல், ரிவர்சைட், துவான் மீ, நைஜல் கார்ட்னர், மேரி என்று துரைமார் காலத்துத் தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் சுமந்துகொண்டிருக்கின்றன. (‘ஹோப்புல்’ என்று பேர் வைத்தவன் யாருடைய நம்பிக்கையை நினைத்தானோ!) ஒரே இடத்துக்கு இருக்கும் இத்தனை பெயரையும் ஒன்றோடொன்று கட்டிவைக்காத எந்தக் களஞ்சியத்திலும் பேரப்பிள்ளை தன் தோட்டத்தைக் கண்டுபிடிக்கப்போவதில்லை.

2022-இல் தொடங்கிய தமிழ் விக்கியில் மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பற்றிய பதிவுகள் இருப்பது பெரிய காரியம். குறையும் சொல்லவேண்டும். பல பதிவுகள் கட்டடம், தலைமையாசிரியர் வரிசை, மாணவர் தொகை என்று ஒரே அச்சில் நிற்கின்றன. ஒட்டுப்பால் பொறுக்கிவிட்டு வகுப்புக்கு வந்த பிள்ளையை அங்கே காணோம்.

எனக்கு முன்மாதிரியாகப் படுவது இலங்கையின் நூலகம் நிறுவனம். 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்த நினைவுள்ள சமூகம் அது. அவர்கள் பெரிய நூல்களோடு நிற்கவில்லை. பள்ளி மலர், கோயில் கும்பாபிஷேக மலர், செத்தவருக்குப் போடும் நினைவுமலர் எல்லாவற்றையும் மின்வடிவாக்கி, தமிழிலேயே பட்டியலிட்டார்கள். கொத்துகொத்தாய் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் கிடைப்பது அந்த மாதிரி மலர்களில்தான். நம் தோட்டத்துக் காளியம்மன் கோயிலும் முனியாண்டி கோயிலும் போட்ட மலர்கள் யார் வீட்டு அலமாரியில் கரையான் தின்றுகொண்டிருக்கின்றன? பள்ளி நூற்றாண்டு மலரை வருடி எடுக்க ஒரு சனிக்கிழமை போதும். அதற்கு மானியம் கேட்டு யாரும் விண்ணப்பிப்பதில்லை. முப்பரிமாணக் கண்ணாடி, தொட்டால் பேசும் திரை என்றால் உடனே திட்ட அறிக்கை தயாராகிவிடுகிறது. கோல சிலாங்கூர் என்றால் புக்கிட் மெலாவத்தி, 1907-இன் கலங்கரைவிளக்கம், கம்போங் குவாந்தான் மின்மினி என்று ஏற்கெனவே அழகான படங்கள் உண்டு. பெரட்டுக் களத்துக்கும் ஒரு திரை வைத்தால் குறை ஒன்றுமில்லை. அதில் பார்க்கிறவன் ‘இது தப்பு’ என்று சொல்ல ஒரு இடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடம் இப்போதைக்கு முகநூலில்தான் இருக்கிறது. தோட்டத்துப் பழைய படம் ஒன்றை யாராவது ஏற்றுகிறார்கள். ‘திருவிழா, எழுபதுகள்’ என்பதோடு குறிப்பு முடிந்துவிடும். கீழேதான் உண்மையான பட்டியல் தொடங்குகிறது. “மூணாவதா நிக்கிறது எங்க அம்மா.” “காவடி எடுக்கிறவரு கங்காணி மவன், பெறவு கேமரன்மலைக்குப் போயிட்டாரு.” “இது மேரி இல்லண்ணே, மினியாக் தோட்டம். பின்னால தெரியுற ஸ்டோரப் பாருங்க.” எந்த நூலகரும் எழுதமுடியாத குறிப்புகள் இவை. கணக்கை மூடினால் படத்தோடு போய்விடும். நான் இப்போதெல்லாம் படத்தைச் சேமிப்பதோடு நிறுத்துவதில்லை. கீழே உள்ள பேச்சையும் ஒரு கோப்பில் ஒட்டி, தேதி போட்டு வைக்கிறேன்.